உள்ளத்தை அளக்கும் கோல்: சீன மக்களிடையே மனநலத் தன்மதிப்பீட்டின் வரலாறு

ஒருவரின் மனநிலை எப்படி இருக்கிறது என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் விடையை எண்ணாக்கிக் கணக்கிடும் முறைக்கு மனநலத் தன்மதிப்பீடு என்று பெயர். தூக்கம், பசி, சோர்வு, கவலை, நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் ஒரு தாளில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அதிகம்’ என்பது வரை ஏதாவது ஒரு விடையைக் குறிக்க வேண்டும். மதிப்பெண்களைக் கூட்டி, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியவர்களை மேற்கொண்டு கவனிக்க வேண்டியவர்கள் என்று பிரிப்பார்கள். இரத்தப் பரிசோதனையிலோ ஊடுகதிர்ப் படத்திலோ மனச்சோர்வு தெரிவதில்லை. எனவே பெருந்தொகையான மக்களின் மனநலத்தை அறிய அவர்களுடைய சொல்லை விட்டால் வேறு வழி குறைவு.

சீனப் பெருநிலம், தைவான், ஹாங்காங், அமெரிக்கச் சீனக் குடியிருப்புகள் ஆகிய இடங்களில் இம்முறைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் நடுவே ஒரு புதிர் நிற்கிறது. 1982-ல் சீனாவில் எடுத்த கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் மனச்சோர்வு வகை நோய் கண்டவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. இருபது ஆண்டு கழித்து நான்கு மாகாணங்களில் நடந்த ஆய்வோ, ஒரு மாத காலத்தில் மட்டும் நூற்றில் ஆறு பேருக்கு அவ்வகை நோய் இருந்ததாகக் கண்டது. இடையில் மக்களின் வாழ்க்கை மாறியது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாக மாறியது, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

நெஞ்சும் நரம்பும்

சீன மொழியில் ‘சின்’ என்ற சொல் இதயத்தையும் மனத்தையும் ஒருசேரக் குறிக்கும்; தமிழில் ‘நெஞ்சு’ என்பது அதற்கு மிக நெருக்கமானது. மரபுச் சீன மருத்துவம் மகிழ்ச்சி, சினம், கவலை, சிந்தனை, துயரம், அச்சம், திகில் என்று உணர்ச்சிகளை ஏழாக வகுத்து அவற்றை உடலுறுப்புகளோடு இணைத்தது. சினம் கல்லீரலையும், துயரம் நுரையீரலையும், அச்சம் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பது அதன் கொள்கை. ‘யூ’ என்ற சொல் மனத்தின் வாட்டத்தையும் உடலில் உயிராற்றல் தேங்கிக் கிடப்பதையும் சேர்த்தே சுட்டியது. துன்பத்தை மனத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று எனப் பிரித்துச் சொல்லும் பழக்கம் அம்மருத்துவத்தில் இல்லை.

மேற்கத்திய மனநல மருத்துவம் சீன மண்ணில் காலூன்றியது 1898-ல். அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் கெர் அந்த ஆண்டு குவாங்சோ நகரில் மனநோயாளிகளுக்கான முதல் காப்பகத்தைத் திறந்தார். காப்பகத்துக்கு வந்தவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களே. அன்றாடச் சோர்வும் கவலையும் கொண்டவர்கள் அங்கே வரவில்லை; அவர்களுக்கு வேறொரு பெயர் கிடைத்தது.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-ல் பரப்பிய ‘நியூரஸ்தீனியா’ என்ற கருத்து, ஜப்பான் வழியாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவுக்குள் ‘ஷென்ஜிங் ஷுவைருவோ’ என்ற பெயரில் நுழைந்தது. அதன் பொருள் நரம்புத் தளர்ச்சி. தமிழ்நாட்டுப் பேச்சிலும் பழகிப்போன சொல் இது. தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, மறதி, களைப்பு எல்லாம் இதில் அடங்கின. ‘எனக்கு நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்வதில் வெட்கம் இல்லை. குடும்ப மானத்துக்கும் இழுக்கு இல்லை. மேற்கு நாடுகளில் அந்நோய்ப் பெயர் மங்கிய பின்னும் சீனாவில் அது வேரூன்றி நின்றதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வீடு வீடாகத் தேடிய காலம்

சீன மக்களிடையே நடந்த முதல் பெரிய மனநலக் கணக்கெடுப்பில் வினாத்தாள் இல்லை. தைவானின் மனநல மருத்துவர் லின் ட்சுங்-யி 1946 முதல் 1948 வரை ஒரு கிராமம், ஒரு சிற்றூர், ஒரு நகரப் பகுதி என மூன்று இடங்களில் ஏறக்குறைய 20,000 மக்களை ஆராய்ந்தார். அவருடைய குழுவினர் வீடு வீடாகச் சென்றனர். ஊர்ப் பெரியவர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் விசாரித்தனர். ஐயம் எழுந்தவர்களை நேரில் பார்த்தனர். பதினைந்து ஆண்டுக்குப் பின் அதே இடங்களில் மீண்டும் ஆய்வு நடந்தது. கடுமையான மனநோய்களின் அளவு பெரிதும் மாறவில்லை. கவலை, பதற்றம் போன்ற இலேசான கோளாறுகளோ பல மடங்கு கூடியிருந்தன. பிறர் கண்ணுக்குத் தெரியும் நோயை இம்முறை நன்றாகப் பிடித்தது. தனக்குள்ளேயே புழுங்குபவரை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

பெருநிலச் சீனாவில் 1949-க்குப் பிறகு உளவியல் சோவியத் வழியைப் பின்பற்றியது. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நரம்பியல் கொள்கை ஓங்கியதால் ‘நரம்புத் தளர்ச்சி’க்குப் புது மதிப்பு கிடைத்தது. 1958, 1959 ஆண்டுகளில் மாணவர்களையும் மூளை உழைப்பாளர்களையும் வாட்டிய இந்நோயை ஒழிக்க இயக்கமே நடந்தது; மருந்து, உடற்பயிற்சி, விளக்கவுரை, மூச்சுப் பயிற்சி எல்லாம் சேர்ந்த விரைவுச் சிகிச்சை கொடுக்கப்பட்டது. 1966-ல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. உளவியல் முதலாளித்துவப் போலி அறிவியல் என்று ஒதுக்கப்பட்டது. ஆய்வு நிறுவனங்கள் மூடப்பட்டன. அறிஞர்கள் வயல் வேலைக்கு அனுப்பப்பட்டனர். சோர்வாக இருக்கிறேன் என்று சொல்வதே அரசியல் குறையாகப் பார்க்கப்படக்கூடிய காலம் அது. சீன அறிவியல் கழகத்தின் உளவியல் நிறுவனம் 1977-ல்தான் மீண்டும் உயிர்பெற்றது.

சாங்ஷாவின் நூறு நோயாளிகள்

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் ஹுனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவுக்கு வந்தார். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் நரம்புத் தளர்ச்சி என்று கண்டறியப்பட்ட 100 பேரிடம், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அப்போதுதான் வெளியிட்ட வகைப்பாட்டின்படி விரிவான நேர்காணல் நடத்தினார். அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வின் இலக்கணம் பொருந்தியது. அவர்கள் மருத்துவரிடம் சொன்ன முறையீடுகளோ தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல் போன்றவை.

நேரடியாகக் கேட்டபோது துயரத்தையும் நம்பிக்கையிழப்பையும் அவர்கள் மறைக்கவில்லை. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனச்சோர்வு மருந்து கொடுத்தபின் பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. ஆயினும் பணியிடச் சிக்கலும் குடும்பப் பிரிவும் தீராதவர்கள் தம்மை நோயாளிகளாகவே கருதினர். 1982-ல் வெளியான இந்த ஆய்வு, சீனர்களுக்கு மனச்சோர்வு அரிது என்ற எண்ணத்தை அசைத்தது. சீனர்கள் உணர்ச்சியற்றவர்கள், உடல்மொழியில் மட்டுமே பேசத் தெரிந்தவர்கள் என்று சிலர் இதைத் தவறாகவும் விரித்தனர். மானமும் அரசியல் அச்சமும் நிறைந்த சூழலில் உடல்வலிதான் பாதுகாப்பான பேச்சு என்பதே ஆய்வின் சாரம்.

அதே 1982-ல் பன்னிரண்டு பகுதிகளில் 12,000 குடும்பங்களைக் கொண்டு நாட்டின் முதல் கூட்டு மனநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. நரம்புத் தளர்ச்சி ஆயிரத்துக்கு 13 என்று பதிவாயிற்று. மனச்சோர்வு உள்ளிட்ட உணர்ச்சிநிலை நோய்கள் ஆயிரத்துக்கு 0.76 மட்டுமே. 1993-ல் ஏழு பகுதிகளில் திரும்ப எடுத்தபோதும் அது 0.83-ஐத் தாண்டவில்லை. நோய்க்கு விதித்த வரையறை குறுகலாக இருந்தது. எந்தப் பெயருக்கு இடம் இருந்ததோ அந்தப் பெயரில் துன்பம் எண்ணப்பட்டது.

வினாத்தாள்கள் வந்த காலம்

1980களில் சீனக் கதவுகள் திறந்தபோது மேலைநாட்டு வினாத்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்க்கப்பட்டன. எல்லாவற்றிலும் பரவலானது எஸ்.சி.எல்.-90. அமெரிக்கர் லெனார்ட் டெரோகாடிஸ் உருவாக்கிய 90 வினாக்கள் கொண்ட இந்தப் பட்டியலை வாங் ஜெங்யூ 1984-ல் சீனத்தில் அறிமுகப்படுத்தினார். 1986-ல் ஜின் ஹுவா, வூ வென்யுவான், ஜாங் மிங்யுவான் ஆகியோர் நலமாக வாழும் 1,388 பேரிடம் அதை நடத்தி, சீனர்களுக்கான சராசரி அளவுகளை வகுத்தனர். மொத்த மதிப்பெண் 160-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்ற எல்லை வழக்கில் வந்தது. மாணவர், ஆசிரியர், செவிலியர், படைவீரர் என எல்லாத் தரப்பினரின் மதிப்பெண்ணும் இந்த 1,388 பேரோடு ஒப்பிடப்பட்டது. கிராமங்கள் நகரங்களாகி ஒரு தலைமுறையே மாறிய பிறகும் அந்த 1986 அளவே பல ஆய்வுகளில் தொடர்ந்தது. எவரோடு ஒப்பிடுகிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும் என்பதால் இப்பழக்கம் பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

சீன வம்சாவளியினரான அமெரிக்க மருத்துவர் வில்லியம் சுங் 1965-ல் வகுத்த 20 வினா மனச்சோர்வுத் தாளும் அப்போதே பரவியது. அமெரிக்காவில் 50 என்றிருந்த எல்லை சீனத்தில் 53-க்கு உயர்ந்தது. மொழிபெயர்ப்பின் சிக்கலுக்கு இந்தத் தாள் நல்ல சான்று. தாம்பத்திய இன்பம் முன்போலவே இருக்கிறதா என்ற மூல வினா, சீனத்தில் ‘எதிர்ப்பாலினரோடு நெருங்கிப் பழகும்போது முன்போலவே மகிழ்ச்சியாக இருக்கிறது’ என்று மெல்லிதாக்கப்பட்டது. கூச்சம் தீர்ந்தது, ஆனால் கேள்வியும் வேறாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு நிறத்தின் பெயரால் சுட்டப்படும் துயரத்துக்குச் சீனத்தில் நிறம் கிடையாது. அதன் இடத்தில் நெஞ்சடைத்து இறுகிய மனநிலையைச் சொல்லும் ‘மென்மென் பூ லே’ என்ற தொடர் வந்தமர்ந்தது.

உளவியலாளர்களான பெய்ஜிங்கின் சோங் வெய்சென்னும் ஹாங்காங்கின் ஃபேன்னி செயுங்கும் அமெரிக்காவின் மின்னசோட்டா ஆளுமைத் தேர்வைச் சீனமாக்கியபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. நலமாக வாழும் சாதாரணச் சீனர்களே மனச்சோர்வுப் பிரிவில் அமெரிக்கச் சராசரியைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். தன்னடக்கத்தையும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டையும் நற்பண்பாகக் கருதும் சமூகத்தில் சில விடைகள் நோயைக் காட்டுவதில்லை, வளர்ப்பையே காட்டுகின்றன. அந்தப் படிப்பினையிலிருந்து, சீன வாழ்க்கையிலிருந்தே வினாக்களை எடுத்த சீன ஆளுமை மதிப்பீட்டுத் தாளை 1990களில் இருவரும் உருவாக்கினர்.

தீவுகளில் செய்த திருத்தம்

ஹாங்காங்கிலும் தைவானிலும் வேலை வேறு திசையில் நடந்தது. பிரிட்டனின் டேவிட் கோல்ட்பர்க் 1972-ல் வெளியிட்ட பொது உடல்நல வினாத்தாள் 1980களின் தொடக்கத்திலேயே ஹாங்காங்கில் சோதிக்கப்பட்டது. தைவானின் செங் தை-ஆன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மூல வினாக்களில் பொருந்துபவற்றை வைத்துக்கொண்டு, நெஞ்சுப் படபடப்பு, உடல் மரத்துப்போதல், குடும்பத்தாரோடு உள்ள உறவு போன்று உள்ளூர் மக்கள் தாமே சொல்பவற்றைச் சேர்த்தார். 1986-ல் வெளியான சீன உடல்நல வினாத்தாள் இவ்வாறு பிறந்தது. 12 வினாக்களே கொண்ட அதன் சுருக்க வடிவம் தைவானில் நெடுங்காலம் பயன்பட்டது.

தைவானின் லீ மிங்-பின் குழுவினர் எஸ்.சி.எல். பட்டியலைச் சுருக்கி ஐந்தே வினாக்களில் நிறுத்தினர். தூக்கமின்மை, பதற்றம், எரிச்சல், சோர்வு, தாழ்வுணர்வு என்ற ஐந்துக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஆறு ஆனால் கவனம் தேவை. ‘மனநிலை வெப்பமானி’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். காய்ச்சல் பார்ப்பதுபோல மனத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்தப் பெயரால் வீடுகளுக்குள் நுழைந்தது. தற்கொலைத் தடுப்புப் பணியில் இன்றும் இது முன்னணிக் கருவி.

கோல் காட்டிய வேற்றுமைகள்

வினாத்தாள்கள் பெருகியதும், அவை சீன மக்களிடம் அதே பொருளைத்தான் அளக்கின்றனவா என்ற சோதனை தொடங்கியது. அமெரிக்காவில் 1977-ல் வெளியான 20 வினா மனச்சோர்வுத் தாளில் துயர உணர்வும் உடல் தளர்ச்சியும் தனித்தனிக் கொத்துகளாகப் பிரியும். சான் பிரான்சிஸ்கோவின் சீனர்களிடம் யூ-வென் யிங் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டும் ஒரே கொத்தாகக் கலந்தன. சமூகவியலாளர் நான் லின் அதே தாளைத் தியான்ஜின் நகர மக்களிடம் சோதித்து, பெருநிலத்திலும் அது பயன்படத்தக்கது என 1989-ல் காட்டினார். எனினும் ‘மகிழ்ச்சியாக இருந்தேன்’, ‘எதிர்காலத்தில் நம்பிக்கை இருந்தது’ என்பன போன்ற நேர்மறை வினாக்கள் கிழக்காசியர்களிடம் சிக்கலாகவே நீடித்தன. இன்பத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தயங்குபவர் அவ்வினாக்களில் குறைவாகக் குறிப்பார். கூட்டுத்தொகையில் அது மனச்சோர்வாக எழும்.

விடை குறிக்கும் பழக்கத்திலும் வேற்றுமை இருந்தது. தைபே, ஜப்பானின் சென்டாய், வட அமெரிக்க நகரங்கள் ஆகியவற்றின் மாணவர்களை ஒப்பிட்டு 1995-ல் வந்த ஆய்வில், கிழக்காசிய மாணவர்கள் கோலின் நடுவிடத்தையும் அமெரிக்க மாணவர்கள் முனைகளையும் அதிகம் நாடினர். ஆங்கிலத் தாள்களின் ஐந்து படிகளில் ‘சுமார்’ என்று பொருள்படும் நான்காம் படி, சீனத்தில் பெரும்பாலும் ‘யிபான்’ என்று மொழிபெயர்க்கப்படும். தமிழில் ‘பரவாயில்லை’ என்பதுபோல அது குறையும் அல்ல, நிறைவும் அல்ல. அமெரிக்கர் ‘சுமார்’ என்றால் முறையிடுகிறார். சீனர் ‘யிபான்’ என்றால் பணிவாக நலம் சொல்லியிருக்கவும் கூடும்.

கேட்கும் முறையும் விடையை மாற்றும். சாங்ஷாவிலும் டொரான்டோவிலும் நோயாளிகளை ஒப்பிட்டு 2008-ல் வெளியான ஆய்வில், நோயாளி தாமாகச் சொன்னது, மருத்துவர் ஒழுங்காகக் கேட்டது, தாளில் குறித்தது என மூன்றும் தனித்தனியே ஆராயப்பட்டன. முதல் இரண்டிலும் சீனர்கள் உடற்குறிகளை அதிகம் சொன்னார்கள். மூன்று வழிகளிலும் கனடியர்கள் மனக்குறிகளை அதிகம் சொன்னார்கள். சீனர் உடலை மிகைப்படுத்துகிறார் என்று நெடுநாள் சொல்லப்பட்டதற்கு மறுபக்கமும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று: மனத்தை அளவுக்கு மீறி முன்னிறுத்துவது மேற்கின் வழக்கமாகவும் இருக்கலாம்.

ஒற்றைக் கேள்வி

பெரிய கணக்கெடுப்புகளில் 90 வினாக்களுக்கு நேரம் இருக்காது. ‘பொதுவாக உங்கள் மனநலத்தை எப்படி மதிப்பிடுவீர்கள்?’ என்ற ஒரே கேள்வியை, மிகச் சிறப்பு முதல் மோசம் வரை ஐந்து படிகளோடு கேட்கும் வழி வட அமெரிக்காவில் வேரூன்றியது. 2002, 2003 ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த லத்தீன், ஆசிய மக்கள் ஆய்வில் 2,095 ஆசியர்கள் பங்கேற்றனர். அவர்களில் 600 பேர் சீனர்கள். விரும்பியவர்கள் சீன மொழியிலேயே விடை சொல்லலாம். இவ்வகை ஆய்வுகளை ஒப்பிட்டபோது, ஒற்றைக் கேள்வியின் விடையும் விரிவான நேர்காணலில் தெரியும் நோயும் எல்லா இனக்குழுக்களிலும் ஒரே வலுவோடு பொருந்தவில்லை. நோயின் இலக்கணம் பொருந்தியும் தம் மனநலம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் இருந்தனர்.

லாஸ் ஏஞ்சலிஸின் சீனர்கள் 1,747 பேரிடம் 1993, 1994-ல் நடந்த முந்தைய ஆய்வும் இங்கே நினைவுகூரத்தக்கது. வாழ்நாளில் மனச்சோர்வு கண்டவர்கள் 6.9 விழுக்காடு. ஓராண்டில் நரம்புத் தளர்ச்சி கண்டவர்கள் 6.4 விழுக்காடு, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்க வகைப்பாட்டின் எந்த நோயும் பொருந்தவில்லை. பழைய பெயருக்குள் மனச்சோர்வு மட்டுமன்றி வேறு துன்பமும் தங்கியிருந்தது என்பதற்கு இது சான்று.

நாடளாவிய எண்கள்

புதிய நூற்றாண்டில் தன்மதிப்பீட்டுத் தாள் முதல் சல்லடையாகவும் மருத்துவரின் நேர்காணல் இரண்டாம் சல்லடையாகவும் இணைந்தன. மனநல மருத்துவர் மைக்கேல் ஃபிலிப்ஸ் தலைமையில் 2001 முதல் 2005 வரை ஷான்டோங், செஜியாங், சிங்ஹாய், கான்சு மாகாணங்களில் நடந்த ஆய்வு இம்முறையின் சிறந்த முன்மாதிரி. கோல்ட்பர்க் தாளின் 12 வினாச் சுருக்கத்தோடு உள்ளூருக்கேற்ற வினாக்களும் சேர்த்து 63,004 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 16,577 பேரை மனநல மருத்துவர்கள் நேரில் கண்டனர். ஒரு மாத காலத்தில் ஏதேனும் ஒரு மனநோய் இருந்தவர்கள் 17.5 விழுக்காடு. முழு நாட்டுக்கும் கணக்கிட்டால் 17.3 கோடிப் பேர், அவர்களில் 15.8 கோடிப் பேர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். 2009-ல் வெளியான இந்த எண்கள் நாட்டை உலுக்கின. மே 1, 2013 முதல் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஹுவாங் யூச்சின் தலைமையில் 2013 முதல் 2015 வரை 31 மாகாண அளவிலான பகுதிகளில் 32,552 பேரிடம் நடந்த தேசிய ஆய்வில், மறதிநோய் நீங்கலாக வாழ்நாள் மனநோய் 16.6 விழுக்காடு எனத் தெரிந்தது. மனச்சோர்வு வகை நோய்கள் மட்டும் 6.8 விழுக்காடு. ஓராண்டில் மனச்சோர்வு கண்டவர்களில் சிகிச்சை நாடியோர் 9.5 விழுக்காடு, போதிய சிகிச்சை பெற்றோர் 0.5 விழுக்காடு மட்டுமே.

இவற்றோடு, பீக்கிங் பல்கலைக்கழகத்தின் குடும்ப ஆய்வும் 2011-ல் தொடங்கிய முதியோர் ஆய்வும் மனச்சோர்வு வினாக்களைப் பொருளாதார வினாக்களோடு பின்னின. ஓய்வூதியம், பிள்ளைகளின் நகரப் பெயர்ச்சி, நோய் ஆகியவை முதியவர் மனத்தை எப்படித் தொடுகின்றன என்று ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்க முடிந்தது. 2020-ன் தொடக்கத்தில் கொரோனா பரவியபோது இணையம் வழியே நடந்த ஓர் ஆய்வில் 52,730 பேர் விடையளித்தனர். ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் மனத்துன்பம் உள்ளதாகக் குறித்தனர். தாமாக முன்வந்தவர்களின் விடை என்பதால் அது முழு நாட்டின் அளவாகாது. ஆயினும் வீட்டுக்குள் அடைபட்ட மக்களின் குரல் சில நாள்களிலேயே எண்ணாக வந்து சேர்ந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு 2022-ல் நடைமுறைக்கு வந்தபோது நரம்புத் தளர்ச்சி என்ற தனி நோய்ப் பெயர் அதில் இல்லை. அப்பெயர் சுமந்த தூக்கமின்மையும் தலைவலியும் களைப்பும் மக்களிடம் அப்படியே இருக்கின்றன. மக்கள் தாமே பேசும் சொற்களில் கேட்ட தாள்கள் அவர்களைக் கண்டுகொண்டன. வேற்றுமொழிச் சொல்லைத் திணித்த தாள்கள் பலரைத் தவறவிட்டன. எந்தச் சமூகத்தின் மனநலத்தை அளக்க விரும்பினாலும், முதலில் அந்த மக்கள் தம் துன்பத்துக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே சீன மக்களின் இந்த அரை நூற்றாண்டு அனுபவம் தரும் முடிவு.